தனியாக வைத்த டம்ளர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் முன்னாள் ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, எச்ஐவி தடுப்பில் மகளிர் குழுக்களின் பங்கு. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். இரண்டு பேர் டீ குடிக்க எழுந்தீர்கள். பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முந்தி நான் எங்கள் குழுவுக்கு ஊக்குநர். இருபது பேர், மாசச் சந்தா 50 ரூபாய். அந்த இருபது பேரில் ஒரு தங்கச்சி. அவள் வீட்டுக்காரர் அரியலூர் சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிற லாரி ஓட்டியவர். உடம்பு இளைத்து, இருமல் வந்து, ஆறேழு மாசத்தில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பதினாறு நாள் கழியவில்லை, ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "அவனுக்கு அந்த நோயாம். அப்ப இவளுக்கும் இருக்குமே."

கூட்டம் நடக்கிற அன்றைக்கு யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோமோ அவர்கள் டீ போடுவார்கள். அந்த மாசம் எங்கள் வீடு. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். அவளுக்கு மட்டும் ஒரு பழைய கண்ணாடி டம்ளர். குடித்து முடித்ததும் அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்த் தனியாக வைத்தேன். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு ஆடு வாங்க 5,000 ரூபாய் உள்கடன் கேட்டாள். ஒருத்தி என் காதில் சொன்னாள், "அக்கா, இவ ஆறு மாசம் தாங்குவாளா? பணத்துக்கு யாரு பதில் சொல்றது?" நான் என்ன செய்தேன் தெரியுமா? "இந்த மாசம் சேமிப்பு கம்மியா இருக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றேன். பொய். பெட்டியில் பணம் இருந்தது. அடுத்த மாசமும் அதையே சொன்னேன். மூணாவது மாசம் அவள் வரவில்லை. தொடர்ந்து வராததால் உறுப்பினர் நீக்கம் என்று தீர்மான நோட்டில் நான்தான் எழுதினேன். எங்கள் குழுவுக்கு அந்த வருஷம் நல்ல தரம் கொடுத்தார்கள்.

இதை இங்கே சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லுங்கக்கா, ஊரையும் காலத்தையும் கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். அதனால் யாராக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அவள் இந்தப் பந்தலில் இருக்கிறாளா என்று திரும்பியும் பார்க்காதீர்கள்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் அப்போது விளம்பரம்தான். 2003 வாக்கில் ஊரெல்லாம் புள்ளிராஜா விளம்பரம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவரில், பஸ்ஸில், டிவியில் எல்லாம் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே படித்தோம். அந்தப் பெயரை வைத்து ஆம்பளைகளைக் கேலி பண்ணினோம். புள்ளிராஜாவோட பொண்டாட்டிக்கு வருமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து, திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் கூட்டம், குழுவுக்கு ஒருத்தர் வரணும் என்று சொன்னார்கள். மதியச் சாப்பாடு உண்டு, பஸ் காசு உண்டு. போனேன். வழக்கமாக இப்படிக் கூட்டத்தில் டாக்டர் பேசுவார், அதிகாரி பேசுவார், நாம் கொட்டாவி விடுவோம். அங்கே அதிகாரிகளைக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் திருநங்கைகள், பாலியல் தொழில் செய்கிற பெண்கள், ஒரு லாரி டிரைவர், எச்ஐவியோடு வாழ்கிற ஆண்கள் பெண்கள். பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிற மாநாடு அது. எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் பேசிய திருநங்கை சொன்னார்: "எனக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, ஆம்பள வார்டா பொம்பள வார்டான்னு ஒரு மணி நேரம் நிக்க வெச்சாங்க. அடுத்த தடவ நான் போகல. போகாதவளுக்கு எங்க டெஸ்ட் எடுப்பீங்க, எங்க மாத்திரை குடுப்பீங்க?" எந்த ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். நம்மில் ஒருத்தர் மாதிரி நூல் சேலை, நெற்றியில் குங்குமம். பாலியல் தொழிலில் இருந்தவர், இப்போது மற்ற பெண்களுக்கு எடுத்துச் சொல்கிற வேலை செய்கிறார். ஆணுறை பற்றிப் பேசினார். நம்ம ஊரில் இன்னும் நிரோத் என்றுதான் சொல்கிறோம். "எங்ககிட்ட வர்றவன்கிட்ட இது இல்லாம முடியாதுன்னு சொல்லிட்டோம். ஒருத்தி சொன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவான். அதனால எல்லாரும் சேந்து சொன்னோம், வேற வழியில்லாம ஒத்துக்கிட்டான்" என்றார். அப்புறம் நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். "குழுவுல இருந்து வந்திருக்கிற அக்காங்களே, உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை உங்களால சொல்ல முடியுமா?"

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

யாரைக் கேவலம் என்று நினைத்துத் தலைப்பை இழுத்துப் போர்த்தினேனோ, அந்த அம்மாவால் செய்ய முடிந்ததை என்னால் செய்ய முடியாது. தாலி கட்டியவர் துபாயிலிருந்து இரண்டு வருஷம் கழித்து வருகிறார், அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது? சந்தேகப்படுகிறாயா என்பார். இந்தப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பாதி வீட்டில் ஆம்பளை வெளியே. துபாய், சிங்கப்பூர், திருப்பூர், சென்னையில் கட்டட வேலை, இல்லாவிட்டால் லாரி. திருச்சி சென்னை நெடுஞ்சாலை நம்ம ஊர் நடுவில்தான் போகிறது. வெளியே போகிறவர் எல்லாம் தப்பானவர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற வாயை முதலில் நான் அடைப்பேன். தனியாக இருக்கிற மனுஷனுக்கு ஆபத்து அதிகம், அவ்வளவுதான்.

மூணாவதாக மைக் பிடித்து நின்றவள், எங்கள் குழுவில் நான் பெயர் வெட்டிய தங்கச்சி.

உடம்பு தேறி, கொஞ்சம் சதை போட்டு, நிமிர்ந்து நின்றாள். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் வந்து மாத்திரை வாங்கியதைச் சொன்னாள். ஊரில் கேட்டால் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாளாம். "மாத்திரை என்னைக் காப்பாத்திடுச்சு. டம்ளர்தான் கொன்னுடுச்சு" என்றாள். யார் வீடு, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "அந்த 5,000 குடுத்திருந்தீங்கன்னா இன்னைக்கு என்கிட்ட இருபது ஆடு இருக்கும் அக்கா" என்றாள். சமயபுரம் வரைக்கும் நான் பேசவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் இதைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். அதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நம் தமிழ்நாட்டில்தான், 1986-ல். கண்டுபிடித்ததும் இரண்டு பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலாவும், அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும். நிர்மலா காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகவும் தோன்றவில்லை. அவர்கள் கை நீட்டினார்கள், ஊசி போட்டு எடுத்தார்கள். அங்கேயிருந்து அந்த மண்டபத்து மேடை வரைக்கும் வந்து சேர எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

அமெரிக்காவில் 1983-லேயே டென்வர் என்கிற ஊரில், ஒரு சுகாதார மாநாட்டில், நோயாளிகளே மேடை ஏறி, எங்களைப் பற்றி முடிவு எடுக்கிற இடத்தில் எங்களையும் உட்கார வையுங்கள் என்று அறிக்கை வாசித்திருக்கிறார்கள். அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது.

நம் நாட்டில் கொல்கத்தா. சோனாகாச்சி என்று ஒரு பகுதி, பாலியல் தொழில் நடக்கிற இடம். அங்கே 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தடுப்பு வேலை ஆரம்பித்தார். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரவில்லை. அந்தப் பெண்களையே ஊழியர்களாகப் போட்டார். அவர்கள் 1995-ல் துர்பார் என்று சொந்தமாக ஒரு சங்கம் வைத்தார்கள். அதே வருஷம் இன்னொன்றும் செய்தார்கள், நமக்கு ரொம்பப் பிடிக்கும். உஷா என்று ஒரு கூட்டுறவு சேமிப்புச் சங்கம். வட்டிக்காரனிடம் மாட்டியிருந்த பெண்கள் சொந்தமாகச் சேமித்து, சொந்தமாகக் கடன் கொடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது, உறுப்பினர் ஒழுக்கமானவராக இருக்கணும் என்று ஒரு விதி குறுக்கே நின்றது. குடும்பத் தலைவி என்று எழுதிக் கொடுங்கள், பதிந்துவிடலாம் என்றார்களாம். மாட்டோம், எங்கள் தொழிலைத்தான் எழுதுவோம் என்று நின்று பதிவு வாங்கினார்கள். கையில் சொந்தக் காசு இருந்தால்தான் ஆணுறை இல்லாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்ப முடியும். சேமிப்புக்கும் நோய்த் தடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

1997 நவம்பரில் அதே கொல்கத்தாவில் நாட்டிலேயே முதல் முறையாகப் பாலியல் தொழிலாளர்களின் தேசிய மாநாடு கூடியது. 2012-ல் உலக எய்ட்ஸ் மாநாடு வாஷிங்டனில். பாலியல் தொழில் செய்கிறவர்களுக்கு அமெரிக்கா விசா கொடுக்காது. யாரைப் பற்றிப் பேசப் போகிறார்களோ அவர்களுக்கே உள்ளே இடமில்லை! அதே வாரம் பல நாட்டிலிருந்தும் வந்து கொல்கத்தாவில் தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சித்திரை மாசம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. தாலி கட்டி, மறுநாள் அறுக்கிறதைத்தான் நாம் டிவியில் பார்க்கிறோம். அதற்கு முந்தின நாட்களில் விழுப்புரத்தில் திருநங்கைகள் கூடும் கூட்டங்களில் எச்ஐவி பற்றிப் பேசுகிறார்கள், பரிசோதனை முகாமும் நடக்கிறது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரி ஓட்டியவரைக் கல்யாணம் செய்து, அவரிடமிருந்து எச்ஐவி வந்தது. மூலையில் உட்காராமல் வெளியே வந்து பெயரைச் சொல்லிப் பேசினார். 1998-ல் எச்ஐவி உள்ள பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை மற்ற பெண்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். கூட்டமைப்பு என்கிற வார்த்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

ஏன் இந்தப் பிரிவினரை மட்டும் தனியாகப் பேசுகிறார்கள் என்று ஒரு உறுப்பினர் என்னைக் கேட்டார். கணக்கைப் பாருங்கள். 2021-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், கர்ப்பிணிப் பெண்களில் 1000 பேருக்கு 2 பேரிடம் எச்ஐவி இருந்தது. பாலியல் தொழில் செய்கிற பெண்களில் 1000-க்கு 18, 19 பேர். திருநங்கைகளில் 37, 38 பேர். போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் 90 பேர். எங்கே வெட்கமும் பயமும் ஒளிவும் அதிகமோ அங்கே எண்ணிக்கையும் அதிகம். வீடு வாடகைக்குக் கிடைக்காதவர், போலீசுக்குப் பயப்படுகிறவர், ஆஸ்பத்திரியில் வாசலோடு திரும்புகிறவர், இவர்களிடம் மருந்து போய்ச் சேராது. ஒளிந்து வாழ்கிறவருக்கும் ஒரு குடும்பம் எங்கேயோ இருக்கிறது. அந்த 1000-க்கு 2 கர்ப்பிணிகள் யார் வீட்டுப் பெண்கள் என்று நினைக்கிறீர்கள்?

நோயைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். பாதுகாப்பில்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. டம்ளரில் வராது. தட்டில் வராது, கொசுவில் வராது, கட்டிப்பிடித்தால் வராது. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தது. நம் மாநிலத்தில் முதலில் தாம்பரம் ஆஸ்பத்திரியில், அப்புறம் ஒவ்வொரு ஊராக வந்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்காவிட்டால் 100 பிள்ளைகளில் 15-லிருந்து 45 வரைக்கும் தொற்றலாம். கொடுத்தால் 5-க்கும் கீழே. மருமகள் மாசமாக இருந்தால் எச்ஐவி சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். "எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது" என்று நர்ஸம்மாவிடம் சண்டை போட்ட மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் அடுத்த தடவை லீவில் வந்தபோது கேட்டேன். நேராகக் கேட்க வரவில்லை. "நம்ம ரெண்டு பேரும் ஒருதடவ ஆஸ்பத்திரில நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தம் பாத்துட்டு வந்துடலாம். குழுவுல எல்லாரும் பாக்கறோம்" என்றேன். குழுவில் எல்லாரும் என்பது பொய். மூணு நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு" என்றார். அங்கே தனி அறையில் உட்கார வைத்து, ஆலோசகர் முதலில் பேசுகிறார், அப்புறம் ரத்தம், அப்புறம் மறுபடி பேச்சு. காசு கிடையாது. வெளியே யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

முடிவு என்ன வந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நல்லபடியாக வந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். நல்லபடியாக வந்தவர்கள் எல்லாம் சொல்ல ஆரம்பித்தால், சொல்லாமல் இருக்கிறவர் மேல் எல்லார் கண்ணும் விழும்.

சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவி இருக்கிறது என்று வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது. உனக்கு இருக்கா என்று சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நம்பிச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தரிடம் சொல்லவும் கூடாது. இந்தச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால், என் திண்ணையில் காதோடு காதாக நடந்த பேச்சுக்கு நானும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

கூட்டமைப்பிடம் நான் கேட்பது பெரிசு இல்லை. கடன் மனுவைப் பேசும்போது யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது, நோட்டில் எழுதவும் கூடாது. திருப்பிக் கட்டுவாளா என்பதற்கு அவள் சேமிப்பையும் பழைய கணக்கையும் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் என்று தெரிந்து யாரையாவது நீக்கியிருந்தால், வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். நாங்கள் போனோம். வாசலில் அரை மணி நேரம் நிற்க வைத்தாள். நின்றோம். இப்போது அவளுக்கு இரண்டு கடன் கொடுத்து முடித்தாகிவிட்டது, ஒரு தவணை தவறவில்லை. என் சொந்தக் கடனில் மூணு தவணை தவறியிருக்கிறது, பொருளாளருக்குத் தெரியும்.

இன்னொன்று. அடுத்த வருஷம் இந்தத் தலைப்பில் பேச என்னைக் கூப்பிடாதீர்கள். எச்ஐவியோடு வாழ்கிற பெண்களின் அமைப்பிலிருந்து ஒருவரையும், திருநங்கைகளிடமிருந்து ஒருவரையும் கூப்பிட்டு இதே மேடையில் உட்கார வையுங்கள். பஸ் காசோடு, அவர்கள் ஒருநாள் கூலியையும் கொடுங்கள். அவர்களுக்கும் நமக்கு வைக்கிற டம்ளரிலேயே டீ கொடுங்கள்.

யாருக்காவது தனியாகக் கேட்க வேண்டியிருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், காசு பிடிக்காது, பெயர் கேட்க மாட்டார்கள். அடுத்த மாசம் மாவட்ட ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தைப் பார்க்க ஒரு வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். சும்மா பார்க்கத்தான், சோதனை செய்வதும் செய்யாததும் அவரவர் இஷ்டம். பன்னிரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மீதி ஐந்து பேர் சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.